ஐந்து ஆட்டக் கணக்கும் அடுத்த பயிற்சியாளரும்

அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பின் புதிய விதித்தொகுப்புக்கு உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 19 அன்று ஒப்புதல் தந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் எழுதிய வரைவு சில திருத்தங்களோடு நிலைத்தது. அக்டோபர் 12இல் கூட்டமைப்பின் சிறப்புப் பொதுக்குழு அதை ஏற்றுக்கொண்டது. பதவிக்காலம், தேர்தல், லீக் உரிமை பற்றியெல்லாம் நாளிதழ்கள் எழுதித் தீர்த்துவிட்டன. மைதானத்தில் விசிலோடு நிற்கும் நம்மைத் தொடும் இடம் வேறு. ‘சிறந்த வீரர்’ என்பவர் யார் என்ற வரையறைதான் அது.

வரைவில் ஆண்களுக்கு 7, பெண்களுக்கு 3 என்று இருந்த சர்வதேச ஆட்டக் கணக்கை நீதிமன்றம் 5 என்றும் 2 என்றும் குறைத்தது. ஓய்வுபெற்ற அத்தகைய வீரர்கள் 15 பேர் பொதுக்குழுவில் அமர்வார்கள். அவர்களில் 5 பேர் பெண்கள். செயற்குழுவிலும் 5 இடங்கள் அவர்களுக்கு உண்டு. இவ்விதழ் இதை முழுமனதோடு வரவேற்கிறது. பந்தைத் தொட்டே பார்க்காதவர்கள் ஆட்டத்தின் தலைவிதியை எழுதிய காலம் போதும். ஆட்டக் கணக்கைக் குறைத்ததும் சரியே. முழங்கால் ஒருமுறை திரும்பிவிட்டால் ஐந்தாவது ஆட்டம் வராமலே போகும் என்பது நம் அனைவருக்கும் தெரியும்.

ஆனால் அந்த எண் இப்போதே வேறோர் இடத்துக்குத் தாவிவிட்டது. தீர்ப்பு வந்த நாளிலிருந்து நம் வட்டாரத்தில் ஒரே பேச்சு: இன்று ஆடுகிறவர்களில் நாளைய பயிற்சியாளர்கள் யார்? உடனே வரும் பதில், இந்தியாவுக்காக அதிகம் ஆடியவர்கள். நிர்வாகக் குழுவில் உட்காரப் போட்ட அளவுகோலை அணியை நடத்தும் திறமைக்கும் வைக்கிறோம். இதைத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது.

1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த, 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் அணியை நான்காவது இடத்துக்குக் கொண்டுபோன சையத் அப்துல் ரஹீம் இந்தியாவுக்காக ஓர் ஆட்டமும் ஆடியவர் அல்லர். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இன்றைய வரையறைப்படி அவர் ‘சிறந்த வீரர்’ நாற்காலியில் உட்கார முடியாது. அதற்காக, நன்றாக ஆடியவர் நல்ல பயிற்சியாளர் ஆகமாட்டார் என்று நாம் சொல்ல வரவில்லை. சைமன் சுந்தரராஜை நினைத்துப் பாருங்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக அவர் அடித்த கோல்தான் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாக அடித்தது. 1973இல் கேரளம் முதல்முறையாகச் சந்தோஷ் டிராபியை வென்றபோது அந்த அணியின் பயிற்சியாளரும் அவரே. இருவருக்கும் பொதுவானது ஆட்டக் கணக்கு அல்ல. தெரிந்ததை அடுத்தவருக்கு ஏறும்படி சொல்லத் தெரிந்திருந்தது இருவருக்கும்.

காலித் ஜமீலையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். ஆடிய காலத்தைக் காயம் தின்றது. 2009இலிருந்து ஏழு ஆண்டு மும்பை எஃப்.சி.யில் சத்தமில்லாமல் உழைத்தார். 2016-17இல் ஐஸ்வாலுக்கு ஐ-லீக் வாங்கித் தந்தார். வடகிழக்கு யுனைடெட் அணியில், இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) தலைமைப் பயிற்சியாளராக நிரந்தரமாக அமர்த்தப்பட்ட முதல் இந்தியர் ஆனார். 2025 ஆகஸ்டில் தேசிய அணி அவர் கைக்கு வந்தது. சாவியோ மெதெய்ராவுக்குப் பிறகு 13 ஆண்டுகள் வெளிநாட்டவர் கையிலேயே இருந்த பொறுப்பு அது. சிங்கப்பூரிடம் மட்காவில் தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பும், டாக்காவில் வங்கதேசத்திடம் தோற்று மானமும் போனதும், “இந்தியக் கோச் வேலைக்கு ஆக மாட்டார்” என்ற குரல் மறுபடி கிளம்பியது. இரண்டு தோல்விகளுக்காக ஒரு தலைமுறைக்கே கதவைச் சாத்துவது அநியாயம். அதே அளவுகோலில் நாம் அழைத்துவந்த வெளிநாட்டவர்களில் எத்தனை பேர் தேறுவார்கள்? இந்தியரான கிளிஃபர்ட் மிராண்டா 2023இல் ஒடிசாவுக்கு சூப்பர் கோப்பை வாங்கித் தந்ததை ஏன் மறந்தோம்?

சரி, இன்று ஆடுகிறவர்களிலும் அண்மையில் ஆடியவர்களிலும் யார்? நம் மாநிலத்து வீரர்களிலிருந்தே சொல்கிறேன். நேரில் பார்த்தவர்களைப் பற்றித்தான் உறுதியாகப் பேச முடியும்.

என் முதல் பெயர் எட்வின் சிட்னி வான்ஸ்பால். 2018-19இல் சென்னை சிட்டி ஐ-லீக்கை வென்றபோது பயிற்சியாளர் அக்பர் நவாஸ் நடத்திய ஆட்டம், பந்தைத் தன் பக்கம் வைத்துக்கொண்டே நிற்கும் இடங்களை மாற்றிக்கொண்டிருக்கும் ஆட்டம். அதில் இவர் நடுக்களத்திலும் ரைட் பேக்கிலும் மாறி மாறி நின்றார். இரண்டு இடங்களிலிருந்தும் ஆட்டத்தைப் பார்த்தவருக்கு மூன்றாவது இடம் தானாகவே புரியும். அடுத்து மைக்கேல் சூசைராஜ். இரவிபுத்தன்துறைக்காரர். 2020 நவம்பரில் ஐ.எஸ்.எல். சீசனின் முதல் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே முழங்கால் போய், அந்த சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தவர். தனபால் கணேஷும் அப்படித்தான். 2018 ஐ.எஸ்.எல். அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக கோல் அடித்தவரின் அதற்குப் பிந்தைய காலத்தைக் காயம் விழுங்கியது. இது பரிதாபத்தால் சொல்வதில்லை. வெளியே உட்கார வைக்கப்பட்ட நடுக்கள வீரர், உள்ளே ஓடியபோது காணாததை அங்கிருந்து கண்டுகொள்கிறார். காலித்தைச் செதுக்கியதும் அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

பெண்களில் யோசிக்கவே தேவையில்லை, இந்துமதி கதிரேசன்தான். கடலூர்க்காரர், காவல் துறையில் சார்பு ஆய்வாளர், தேசிய அணியின் நடுக்களத்தில் ஆடியவர். ஆட்டத்தின் வேகத்தைத் தன் காலால் கூட்டவும் குறைக்கவும் தெரிந்தவர். சீருடைப் பணியில் இருப்பவருக்கு முப்பது பேரை ஒரே சொல்லில் நிறுத்தவும் தெரியும். சுனில் சேத்ரியை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சேத்ரி எது செய்தாலும் நாடு கவனிக்கும். அவருக்கு நம் பரிந்துரை தேவையில்லை. தேவைப்படுவது மற்றவர்களுக்கு.

இந்தப் பெயர்களைச் சொல்வதில் ஒரு பயனும் இல்லாமல் போகும் இடம் ஒன்று உண்டு. இவ்விதழ் தொடங்கிய நாளிலிருந்து அதைத்தான் எழுதிவருகிறோம். அது பயிற்சியாளர் லைசென்ஸ்.

டி, சி, பி, ஏ, புரோ என்ற படிகளை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு படிக்கும் கட்டணம், இரண்டு படிகளுக்கு நடுவில் காத்திருப்பு, வகுப்பு நடக்கும் ஊருக்குப் போய்த் தங்கும் செலவு, சம்பளமில்லாத விடுப்பு. ஐ.எஸ்.எல். ஒப்பந்தத்தில் சம்பாதித்தவருக்கு இது சுமையல்ல. அறந்தாங்கியில் செவன்ஸ் ஆடி, கல்லூரி அணிக்குப் போய், மாவட்ட அணியோடு நின்று, முப்பது வயதில் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காலையில் பயிற்சி கொடுப்பவருக்கு டி லைசென்ஸே பெரிய மலை. வகுப்புகள் பெரும்பாலும் பெருநகரங்களிலேயே அறிவிக்கப்படுகின்றன. வகுப்பு எடுப்பவர் தமிழராக இருந்தால் புரியும்படி தமிழில் விளக்கிவிடுவார். கையேடும் எழுதித் தர வேண்டிய பயிற்சித் திட்டமும் ஆங்கிலத்திலேயே இருக்கும். இருபது ஆண்டு ஆட்ட அறிவு இருந்தும், அதை ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதத் தெரியாமல் திரும்பி வந்தவர்களின் கடிதங்கள் நம் மேசையில் குவிந்து கிடக்கின்றன.

இதற்கும் மேலே ஒரு சிக்கல். கிளப்புக்கு ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் (ஏ.எஃப்.சி.) லைசென்ஸ் வேண்டும். அரசின் பயிற்சியாளர் வேலைக்கு தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) டிப்ளமோ கேட்பார்கள். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஆக உடற்கல்விப் படிப்பு வேண்டும். ஒரே ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க மூன்று காகிதங்கள், மூன்று அலுவலகங்கள். ஒன்று இன்னொன்றை மதிப்பதில்லை. ஏ லைசென்ஸ் வைத்திருப்பவர் அரசு வேலைக்குத் தகுதியில்லாதவர் ஆவதும், டிப்ளமோ வைத்திருப்பவர் கிளப்பில் பந்து பொறுக்கும் வேலைக்கு மேல் போக முடியாமல் நிற்பதும் எந்த நாட்டு நியாயம்? கூட்டமைப்பைக் கேட்டால் மாநிலச் சங்கத்தைக் காட்டுகிறார்கள். மாநிலச் சங்கம் மாவட்டத்தைக் காட்டுகிறது. மாவட்டத்துக்குக் காட்ட யாருமில்லை.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு அந்தக் காகிதத்தின் விலையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன் 2006இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையின் பேரில் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. மாநில அரசு தந்த பரிசுப் பணத்தைக் கொண்டு இங்கே பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார். ஆசியாவிலேயே இரண்டாவதாக ஓடியவர், பயிற்சி கொடுத்தும் காட்டியவர், 2012இல் செங்கல் சூளையில் கூலிக்கு நின்றார். அவரை அங்கிருந்து மீட்டது பெங்களூரு என்.ஐ.எஸ்.ஸில் முடித்த டிப்ளமோதான். அதன் பிறகே மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் வேலை வந்தது, நிரந்தரமானது 2016இல். பதக்கமும் அனுபவமும் பத்து ஆண்டுகள் செய்ய முடியாததை ஓராண்டுப் படிப்பு செய்தது. அந்தப் படிப்பை 2007இலேயே அவர் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டாமா? அதைச் செய்யாதவர்கள் எவரும் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

தடகளத்தை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். ஆட்டம் எதுவானாலும் நம் மாவட்டத்து வீரருக்குப் பூட்டு ஒன்றுதான். பக்கத்தில் கண்டனூரில் பிறந்த சிவசக்தி நாராயணன் 2022 டூரண்ட் கோப்பை இறுதியில் பெங்களூருவுக்காக கோல் அடித்தார். அவர் வளர்ந்தது ராமன் விஜயன் கால்பந்துப் பள்ளியில். ராமன் விஜயன் 1997-98இல் கொச்சி அணிக்காக ஆடித் தேசிய லீக்கில் அதிக கோல் அடித்தவர். நன்றாக ஆடிய ஒருவர் பயிற்சியாளராக மாறியதால் நமக்குக் கிடைத்த பிள்ளை அவர். சிவசக்தி போன்ற எத்தனை பேர் கறம்பக்குடியிலும் மணமேல்குடியிலும் சொல்லித் தர ஆளில்லாமல் மாடு பிடிக்கவும் வெளிநாட்டு வேலைக்கும் போயிருப்பார்கள் என்று யோசித்தால் வயிறு எரிகிறது.

நம் மாவட்டம் சின்னது என்று சொல்பவர்கள் வேல்ஸைப் பாருங்கள். அந்த நாட்டின் மக்கள்தொகை சுமார் 31 லட்சம். 2011 கணக்கெடுப்பின்படி நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் 16 லட்சம் பேர். அந்த வேல்ஸின் கால்பந்துச் சங்கம் நடத்தும் பயிற்சியாளர் வகுப்புக்குத்தான் தியரி ஹென்றியும் பாட்ரிக் வியேராவும் போனார்கள். மிகேல் ஆர்டெட்டா ஆர்சனலில் ஆடிக்கொண்டிருந்தபோதே அங்கே போய்ப் படித்தார். ஆடும்போதே படிக்கலாம், சின்ன இடமும் சொல்லித் தரலாம் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

2025இல் அதற்கு நல்ல வாய்ப்பும் இருந்தது. ஐ.எஸ்.எல். வழக்கமான செப்டம்பரில் தொடங்கவில்லை. டிசம்பரிலும் தொடங்கவில்லை. நூற்றுக்கணக்கான தொழில்முறை வீரர்கள் மாதக்கணக்கில் வீட்டில் இருந்தார்கள். சில கிளப்புகள் சம்பளத்தை நிறுத்தின, பயிற்சியை நிறுத்தின. அந்த மாதங்களில் அவர்களை உட்காரவைத்து, பி லைசென்ஸ் வகுப்பைக் கூட்டமைப்பின் செலவில் நடத்தியிருக்கலாம். எட்வினும் சூசைராஜும் இந்துமதியும் ஒரே வகுப்பில் இருந்திருப்பார்கள். அதற்கு நீதிமன்ற ஆணை வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். செய்யவில்லை. யார் தலைவர், எவருக்கு எத்தனை ஆண்டு பதவி என்ற வழக்கில் எட்டு ஆண்டுகள் செலவழிக்க முடிந்தவர்களுக்கு ஒரு வகுப்புக்கு நேரமில்லை.

பொதுக்குழுவில் அமரப்போகும் 15 முன்னாள் வீரர்களுக்கு இவ்விதழ் வைக்கும் கோரிக்கை இதுதான். உங்கள் முதல் கூட்டத்திலேயே மூன்று தீர்மானங்கள் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் ஆண்டுக்கு ஒரு டி லைசென்ஸ் வகுப்பு, கையேடும் தேர்வும் தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில், ஏ.எஃப்.சி. லைசென்ஸை அரசு வேலைக்கான தகுதியாக ஏற்கும்படி மாநில அரசுகளோடு பேச்சு. உங்களுக்கு அந்த நாற்காலி கிடைத்தது நீங்கள் ஆடிய ஐந்து ஆட்டங்களால். அந்த ஐந்து ஆட்டங்களுக்கு உங்களைத் தயார்செய்த ஊர்க் கோச்சுக்கு எந்த நாற்காலியும் இல்லை.

வாசகர்களுக்கும் ஒரு வேலை. லைசென்ஸ் வகுப்பில் சேர முடியாமல் போன காரணத்தை, வகுப்பு நடந்த ஊர், கட்டணம், மொழி என்ற விவரங்களோடு ஒரு பக்கத்தில் எழுதி உங்கள் மாவட்டச் சங்கச் செயலாளரிடம் நேரில் கொடுங்கள். நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நகலை எங்களுக்கும் அனுப்புங்கள். வருவதையெல்லாம் பொங்கல் இதழில் அப்படியே அச்சிடுவோம்.