தங்கூசி அறுவது எங்கே?

தூண்டில் தங்கூசி அறுந்துபோனால் மீனின் பலத்தையோ நூலின் தரத்தையோதான் குறை சொல்கிறோம். அது உரசிக்கொண்டிருந்த இரும்பை எவரும் பார்ப்பதில்லை. 1950களின் இலங்கையில் ரொட்னி ஜொங்க்ளாஸ், மைக் வில்சன் போன்றோரால் பெயர்பெற்ற கடலடி ஈட்டி வேட்டையில் இது தெளிவாகத் தெரியும். ஈட்டியின் வால்பக்கத் துளையில் நூல் கட்டப்படும். துளையிட்டபோது எழுந்த பிசிறை மழுக்காமல் விட்டால், குத்துப்பட்ட மீனின் ஒவ்வோர் இழுப்பிலும் அந்த ஓரம் நூலை அராவும். நூல் அறுந்தால் மீன் ஈட்டியோடு போய் எவருக்கும் பயனின்றிச் சாகும். 1998இலும் 2016இலும் நம் பவளப்பாறைகள் வெளிறிப்போன பிறகு அந்த வேட்டைக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஆனாலும் அதன் பாடம் கொட்டாஞ்சேனைக்கு அப்பால் முகத்துவாரத்திலிருந்தும், வெள்ளவத்தைக் கரையிலிருந்தும் தூண்டில் போடுகிறவர்களுக்கும் பொருந்தும்.

உரசித் தேய்ந்த தங்கூசி பளபளப்பு இழந்து வெளுத்திருக்கும்; விரலில் சொரசொரக்கும். அந்த வெளுப்பு எந்த வளையத்தில், எந்த உருளையின் விளிம்பில் படுகிறதோ அங்கே சிறிது பஞ்சை ஓட்டினால், பிசிறு இழையைப் பிடித்துக் காட்டிவிடும். துருப்பிடிக்காத உருக்கானால் நுண்ணிய அரத்தாளால் அந்த ஓரத்தை உருட்டித் தேய்த்தாலே போதும். நாகம் பூசிய இரும்பைத் தேய்த்தால் பூச்சுப் போய்த் துருவேறும். அதை மாற்றுவதே சரி.

நூலை அறுப்பது பாறைதானே என்பார்கள். பாறையும் அறுக்கும், மறுக்கவில்லை. ஆனால் வளையத்தில் ஏற்கெனவே பாதி தேய்ந்த நூல் பாறையில் சிக்கியதும் முதல் இழுப்பிலேயே போய்விடும். புது நூல் வாங்கினால் தீர்ந்தது என்போருக்கு, பழைய வளையம் புது நூலையும் அதேபோலத் தின்னும் என்பதே பதில். அறுந்தது கடலில் மக்குவதுமில்லை. ஆமையின் துடுப்பிலும் பவளத்திலும் சுற்றிக் கிடக்கும். பிளாஸ்டிக் கடலில் கொட்டினால் என்னவாகும் என்பதை 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது இந்தக் கரை கண்டது. தங்கூசி வலைக்கு 2006இலேயே தடை வந்தது. மீன்பிடிக் கருவிகளில் அடையாளமிட 2018இல் உலக உணவு விவசாய அமைப்பு வழிகாட்டியது. அடையாளம் தொலைத்தவரைக் காட்டும், தொலைவதைத் தடுக்காது. ஆகவே கடற்றொழில் திணைக்களம் படகுகளைப் பரிசோதிக்கும்போது நூல் உரசும் இடங்களையும் பார்க்கவேண்டும். கடற்றொழிலாளர் சங்கங்கள் அரத்தாளை உறுப்பினர் கைக்குக் கொண்டுசேர்க்கவேண்டும்.