ரவுட்டருக்கு பைல் அனுப்ப கம்ப்யூட்டர் எதற்கு? போன் போதும்!

ரவுட்டருடன் வரும் உதவிக் குறிப்பைப் படித்திருக்கிறீர்களா? "உங்கள் கம்ப்யூட்டரை கேபிள் மூலம் ரவுட்டருடன் இணைக்கவும்" என்றுதான் பெரும்பாலும் தொடங்கும். கம்ப்யூட்டர் இல்லாதவர் என்ன செய்வது? அதற்குப் பதில் இருக்காது.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என எங்கள் வட சென்னைப் பக்கம் வந்து பாருங்கள். பிராட்பேண்ட் இணைப்பு உள்ள பல வீடுகளில் கம்ப்யூட்டரே கிடையாது. டி.வி. இருக்கும், ரவுட்டர் இருக்கும், ஆளுக்கு ஒரு போன் இருக்கும். பிள்ளைகளின் படிப்பு, பட்டறைக்காரரின் பில், துறைமுகத்துச் சரக்குக்கான ஆவணம் எல்லாம் அந்த ரவுட்டர் வழியாகத்தான் போகின்றன. அது படுத்துவிட்டால், யாராவது லேப்டாப்புடன் வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இந்தக் காத்திருப்பு பெரும்பாலும் தேவையில்லை என்பது என் கருத்து. ரவுட்டருக்குத் தேவையான பைலை ஸ்மார்ட்போனிலிருந்தே அனுப்பலாம். ஆனால், பிரச்னை வருவதற்கு முன்பே அந்த பைல் போனில் இருக்க வேண்டும்.

எந்த பைல்கள்?

இரண்டே இரண்டுதான். முதலாவது, செட்டிங்ஸ் பேக்கப் பைல். நெட் இணைப்பு கொடுத்தவர் தந்த யூசர் நேம், பாஸ்வேர்ட், வை-பை பெயர் போன்ற அனைத்தும் இதில் அடங்கிவிடும். இரண்டாவது, பர்ம்வேர். இது ரவுட்டரை இயக்கும் சாப்ட்வேர். பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்து, புதிய பதிப்பை நிறுவனங்கள் தங்கள் தளத்தில் இலவசமாகவே தருகின்றன.

"ரவுட்டர்தானே, ஓடுகிற வரை ஓடட்டும்" என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2017 ஜூலையில் கர்நாடகத்தில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் சுமார் 60 ஆயிரம் மோடம்கள் மால்வேர் தாக்குதலால் முடங்கின. தயாரிப்பாளர் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டதுதான் தாக்கியவர்களுக்கு வசதியாகப் போயிற்று. மறு ஆண்டு, 2018 மே மாதம், வி.பி.என்.பில்டர் என்ற மால்வேர் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர் மற்றும் நெட்வொர்க் சாதனங்களில் புகுந்திருந்தது தெரியவந்தது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை வீடுகளிலும் சிறிய அலுவலகங்களிலும் இருந்தவை.

எங்கள் பகுதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது தண்ணீரும் மின்வெட்டும் சேர்ந்து எங்களைப் பாடாய்ப்படுத்தின. தண்ணீர் வடிந்து, மின்சாரம் வந்த பிறகு, புதிய ரவுட்டர் வாங்கியவர்கள் பலரும் கேட்ட முதல் கேள்வி, "நெட் கனெக்‌ஷன் யூசர் நேம் என்ன?" என்பதுதான். பேக்கப் பைல் அதே மாடல், அதே பதிப்பு ரவுட்டரில்தான் வேலை செய்யும். எனவே இணைப்புப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள். அங்கே பாஸ்வேர்ட் புள்ளிகளாகத் தெரிந்தால், இணைப்பு கொடுத்தவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாடல் வாங்கினாலும் உதவும்.

எப்படிச் செய்வது?

போனை ரவுட்டரின் வை-பையில் இணைத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இது முக்கியம். வை-பையில் இன்டர்நெட் வரவில்லை என்றால், போன் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். ரவுட்டரின் பக்கம் திறக்காது. பிறகு பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று தட்டுங்கள். சரியான எண் ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். பேக்கப், ரீஸ்டோர், பர்ம்வேர் அப்கிரேட் மூன்றும் பெரும்பாலும் சிஸ்டம் அல்லது அட்மினிஸ்ட்ரேஷன் பிரிவில் கிடைக்கும்.

பர்ம்வேர் ஜிப் பைலாக வந்தால், அதை விரித்து உள்ளே இருக்கும் பைலைத்தான் அனுப்ப வேண்டும். ஸ்டிக்கரில் வி1, வி2 என்று பதிப்பு எண் இருக்கும். அது பொருந்தாவிட்டால் தொடாதீர்கள். கேபிளில் செய்வதே நல்லது என்று நிறுவனங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் உண்மையான ஆபத்து, ரவுட்டர் பர்ம்வேரை எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது. யு.பி.எஸ். அல்லது இன்வெர்ட்டர் இருந்தால் அதில் இணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

போனால் முடியாதது

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். பர்ம்வேர் பழுதாகி ரவுட்டர் எழவே இல்லை என்றால், பல டி.பி.-லிங்க் மாடல்கள் டி.எப்.டி.பி. என்ற பழைய முறையில் பைலைத் தேடும். 1981-ல் வகுக்கப்பட்ட இந்த முறையில் பாஸ்வேர்டும் கிடையாது, பைல் பட்டியலும் கிடையாது. குறிப்பிட்ட பெயரில் பைல் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கான 69-ம் எண் போர்ட்டைத் திறக்க, ரூட் செய்யாத ஆண்ட்ராய்ட் போன் எந்த ஆப்புக்கும் அனுமதி தராது. அங்கே கம்ப்யூட்டர்தான் வேண்டும்.

ஆனால் டி-லிங்க், ஆசஸ் ஆகியவற்றின் பல மாடல்களில் அவசரகால வெப் பக்கம் ஒன்று உண்டு. அதற்கு பிரவுசர் போதும். அந்த நிலையில் ரவுட்டரின் வை-பை வேலை செய்யாது என்பதுதான் சிக்கல். பக்கத்து வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டர் ஒன்றை வாங்குங்கள். இரண்டின் லேன் போர்ட்களையும் கேபிளால் இணைத்து, போனை பழைய ரவுட்டரின் வை-பையில் சேருங்கள். போனுக்கு ஐ.பி. எண்ணை நீங்களே கொடுங்கள்; அவசரப் பக்கம் 192.168.0.1 என்றால், 192.168.0.10 என்று தரலாம். இரண்டு ரவுட்டர்களுக்கும் ஒரே எண் இருக்கக் கூடாது.

ஒரு நிறுவனத்தால் முடிகிறது என்றால் எல்லோராலும் முடியும். விற்கும் ஒவ்வொரு ரவுட்டரிலும் இந்த அவசரப் பக்கம் இருக்க வேண்டும். அது போன் திரைக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும் என்று வாங்குபவர்கள் கேட்க வேண்டும்.

இணைப்பு தருபவர்களிடமும் ஒரு கேள்வி. தாங்கள் மாட்டும் பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டை வாடிக்கையாளருக்கு ஏன் தருவதில்லை? "நாங்களே தொலைவிலிருந்து அப்டேட் செய்கிறோம்" என்பார்கள். 2016 நவம்பரில் ஜெர்மனியில் அந்தத் தொலைவழிப் பராமரிப்புக்கான போர்ட் வழியே நடந்த தாக்குதலில் டாய்ச் டெலிகாம் வாடிக்கையாளர்களின் சுமார் 9 லட்சம் ரவுட்டர்கள் செயலிழந்தன. சாவியை வைத்துக்கொள்ளட்டும், கடைசியாக எப்போது அப்டேட் செய்தோம் என்றாவது சொல்ல வேண்டாமா?

இந்த வார விடுமுறையில் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பேக்கப் எடுங்கள், பர்ம்வேரை இறக்கி வையுங்கள், அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஒரு எச்சரிக்கை: பேக்கப் பைலில் உங்கள் பாஸ்வேர்டுகள் எல்லாம் இருக்கும். அதை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள்!