ஓரம் கிளம்பிய கடதாசி



போன இதழில் சமையலறைத் தீக்காயம் பற்றி எழுதினோம். இந்த முறை மருந்துப் பெட்டியில் இல்லாத ஒரு சாமான். சுவருக்கு வோல்பேப்பர் ஒட்டுபவர்கள் வைத்திருக்கும் சீம் ரோலர். ஒரு கைப்பிடி, அதன் நுனியில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு சின்ன உருளை. பூரிக்கட்டையின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். இப்போது பெரும்பாலும் பிளாஸ்ரிக்கில் வருகிறது. நல்லதாக வேண்டுமென்றால் மரத்தில் தேடுங்கள்.

நாங்கள் அதை வாங்கியது எங்கள் சபை மாமி ஒருவருக்காக. கிழக்கு லண்டனில் பழைய செங்கல் வீட்டு வரிசையொன்றில் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறார். கனடாவிலிருந்து மகள் கைக்குழந்தையோடு வருமுன் படுக்கையறைச் சுவரைப் புதிதாக்கிப் பார்க்க ஆசைப்பட்டார். வீட்டு உரிமையாளரும் “உங்கள் செலவில் என்றால் செய்யுங்கள்” என்றார். தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஐந்து பேர் போனோம். ஒருவருக்கும் அனுபவம் இல்லை. யூரியூப் இருந்தது.

பிரித்தானியருக்கும் வோல்பேப்பருக்கும் பழைய உறவு. 1712இல் அதற்கு வரி போட்டு, 1836இல்தான் எடுத்தார்கள். அந்நாளில் கடதாசிச் சுருள் அச்சில்லாத வெற்றுக் கரையோடு வரும். ஒட்டுபவர் ஒரு கரையை வெட்டிவிட்டு, அதை அடுத்த துண்டின் கரைமேல் ஏற்றி ஒட்டுவார். இப்போது கரை வெட்டியே வருகிறது. துண்டோடு துண்டை முட்டவைத்து ஒட்டுகிறோம். ஒரு துண்டு 53 சென்ரிமீட்டர் அகலம் என்பதால் நாலு மீட்டர் சுவரிலே ஏழு இணைப்பு விழும். அந்த ஏழு கோடும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். அதற்குத்தான் இந்த ரோலர்.

வேலை சுலபம் போலத் தெரியும், ஆனால் பொறுமை வேண்டும். பசை பூசிய கடதாசி ஈரத்தில் சற்று அகலும், காயும்போது சுருங்கும். சுருங்கும்போது முதலில் விடுவது ஓரம். அதனால் துண்டைத் தொங்கவிட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தூரிகையால் தடவிக் காற்றை வெளியேற்றிய பிறகு, உடனே ரோலரை எடுக்கக்கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் பசை பிடிக்கவிட்டு, பிறகு மெதுவாக ஒருமுறை உருட்ட வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் ஓரத்தில் இருக்கவேண்டிய பசையெல்லாம் வெளியே பிதுங்கிவிடும். அன்றைக்கு வடிவாக இருக்கும், ஒரு வாரத்தில் ஓரம் காய்ந்து எழும்பும். பிதுங்கியதை ஈரப் பஞ்சால் அந்த நேரமே துடைக்காவிட்டால் பளபளவென்று கோடு விழும். எங்கள் முதல் மூன்று இணைப்பிலும் அந்தக் கோடு இருக்கிறது. பூ புடைத்து நிற்கும் கடதாசிக்கு ரோலரே ஆகாது, பூவை நசுக்கிவிடும். அதற்குத் தூரிகை நுனியால் தட்டினால் போதும்.

பின்னேரம் ஆறு மணிக்கு முடித்தோம். மாமி வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்ப் பால்தேநீர் போட்டார். அதற்கு மேல் பாராட்டு வேண்டியதில்லை.

இரண்டு கிழமையால் அழைப்பு வந்தது. “பிள்ளையள், குறை நினையாதேங்கோ, மூலைப்பக்கம் எழும்பிட்டுது.” வெளிச்சுவரும் யன்னல் சுவரும் சேரும் மூலை, கட்டிலின் தலைமாடு. எங்கள் கைப்பிழை என்று வெட்கப்பட்டு, இணைப்பு ஒட்டும் பசைக் குழாயொன்று வாங்கிப் போனோம். பூசி, காத்திருந்து, உருட்டிவிட்டு வந்தோம். பத்து நாளில் திரும்பவும் அதே இடம். திரும்பவும் போனோம். அந்த இரண்டு தரமும் தேநீர் குடிக்கும்போது மாமி இருமினார். இரவில் கூட என்றார், பம்ப் அடிக்கடி எடுக்கவேண்டி இருக்கிறதாம். குளிர்காலம்தானே என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தோம். நேர்ஸ் வேலை பார்க்கிற வாயால் சொன்னோம்.

வார்டில் இப்படிச் செய்யமாட்டோம். சத்திரசிகிச்சைக் காயம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிரிந்தால், மேலே இன்னொரு பிளாஸ்ரர் போட்டுவிட்டு நகர மாட்டோம். கீழே சீழ் நிற்கிறதா என்று பார்ப்போம். கிருமி பிடித்த காயத்தை வேண்டுமென்றே திறந்துவைத்து, அடியிலிருந்து ஆறவிடுவதும் உண்டு. அந்த அறிவை வேலை முடிந்ததும் யூனிபோமோடு லொக்கருக்குள் வைத்துவிட்டு வந்தோம் போலிருக்கிறது.

மூன்றாம் தரம் போனபோதுதான் கிளம்பிய ஓரத்தின் பின்பக்கத்தைப் பார்த்தோம். இதை நீங்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பின்பக்கம் காய்ந்து, பசை அருமையாக இருந்தால் பிழை ஒட்டியவருடையது. கைவைத்தால் தூளாக வந்தால், பூச்சுச் சுவர் பசையை உறிஞ்சிவிட்டது. ஒட்டுமுன் நீர்த்த பசையை ஒருமுறை தடவியிருக்க வேண்டும். பசை இன்னும் வழுவழுப்பாக இருந்து, சுவர் குளிர்ந்து, மண் மணம் அடித்தால் பிழை சுவருக்குள் இருக்கிறது. மாமியின் மூலை மூன்றாவது வகை. மெதுவாக இழுத்தோம், முழத்துக்கு வந்தது. பின்னால் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம். மாமியின் தலையணைக்கு ஒரு சாண் தூரத்தில்.

பூஞ்சணத்துக்குக் கடதாசியும் மாப்பசையும் நல்ல சாப்பாடு. 19ஆம் நூற்றாண்டில் அது இன்னும் பொல்லாததாக இருந்தது. அன்றைய பச்சை வோல்பேப்பர்களில் ஆசனிக் கலந்த சாயம் இருந்தது. ஈரச் சுவரில் அதன்மேல் வளரும் பூஞ்சணம் ஆசனிக் வாயுவை வெளியிடுகிறது என்று இத்தாலிய வைத்தியர் கோசியோ 1890களில் காட்டினார். இன்றைக்கு ஆசனிக் இல்லை. ஆனால் ஆஸ்துமாக்காரருக்கும் குழந்தைகளுக்கும் வெறும் பூஞ்சணமே போதும். 2020இல் றொச்டேலில் இரண்டு வயதுப் பிள்ளை அவாப் இஷாக் இறந்தது வீட்டுப் பூஞ்சணத்தால் என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். தகப்பன் முறைப்பாடு செய்தபோது, மேலே பெயின்ற் அடிக்கச் சொல்லியிருந்தார்கள். அதை வாசித்துக் கோபப்பட்டவர்கள்தான் நாங்கள். மாமி வீட்டில் ரோலரோடு நின்றவர்களும் நாங்கள்தான்.

அன்றே கட்டிலை உள்சுவர்ப் பக்கம் நகர்த்தினோம். மாமியை மற்ற அறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, முகமூடி, கையுறையோடு அந்த மூலைக் கடதாசியைக் கழற்றிப் பையில் கட்டினோம். ஆஸ்துமா உள்ளவர் பூஞ்சணம் துடைக்கக்கூடாது, பக்கத்தில் நிற்கவும் கூடாது. படம் எடுத்து, திகதி போட்டு, உரிமையாளருக்கு எழுத்தில் அனுப்பினோம். “யன்னலைத் திறவுங்கள்” என்று பதில் வந்தது. வெளியே போய் அண்ணாந்து பார்த்தால் பீலியின் இணைப்பு விலகி, மழைத்தண்ணீர் செங்கல் வழியே வழிந்த பச்சைத் தடம் தெரிந்தது. அதையும் படம் எடுத்தோம். கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவுக்கு மாமியின் பெயரில் கடிதம் போன பிறகுதான் ஏணியோடு ஆள் வந்தார். ஜி.பி.யிடமும் சுவரைப் பற்றிச் சொல்லும்படி மாமியைக் கேட்டோம். “சுவரைப் பற்றி டொக்டருக்கு என்னத்துக்கு?” என்றார். சொன்னார். பதிவில் இருக்கிறது.

மகளும் பேரப்பிள்ளையும் வந்து, இருப்பறையில் படுத்துவிட்டுப் போனார்கள். மாமிக்கு அது மனக்குறைதான். இருமல் முற்றாகப் போகவில்லை, ஆனால் இரவில் எழும்புவது குறைந்திருக்கிறதாம்.

சுவர் காய்வதற்கு ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்பது கட்டட வேலைக்காரர் வாய்க்கணக்கு. இந்தப் பழைய சுவர் 9 அங்குலம். ஆகவே மூலை இன்னும் மொட்டையாகத்தான் இருக்கிறது. மாமி அதன்மேல் கலண்டர் தொங்கவிடப் பார்த்தார், நாங்கள் விடவில்லை. ரோலர் அவருடைய மேசை லாச்சிக்குள், தையல் நூலோடு கிடக்கிறது. அதே கடதாசியில் ஒன்றரைச் சுருள் மீதி வைத்திருக்கிறோம்.

மார்கழி தொடக்கத்தில் சுவரைக் கைவைத்துப் பார்ப்போம். காய்ந்திருந்தால் ஒரு சனிக்கிழமை போவோம். உயரமானவர்கள் இரண்டு பேர் தேவை. பழைய சேர்ட் போட்டுக்கொண்டு வாருங்கள். தோசை மாமியின் பொறுப்பு.