ஸ்பானிஷ் வரட்டும், அதுக்கு தமிழ் ஏன் போகணும்?

அமெரிக்காவுல இருக்கிற நம்ம ஊர்க்காரங்க சில பேருக்கு இப்போ ஒரு ஆசை: குழந்தைக்கு ஸ்பானிஷ் கத்துக்கொடுக்கணும். நல்ல ஆசைதான். அந்த நாட்டுல 4 கோடிக்கும் மேற்பட்டவங்க வீட்டுல பேசுறது ஸ்பானிஷ். டெக்சாஸ், கலிபோர்னியா பக்கம் கடைக்குப் போனாலும் பார்க்குக்குப் போனாலும் அது காதுல விழும்.

ஆனா டெக்சாஸ்ல இருக்கிற என் பெரியப்பா பொண்ணு போன்ல சொன்னதுதான் இடிக்குது. "மூணு மொழின்னா பாப்பா குழம்பிடுவாடா. வீட்டுல தமிழை நிறுத்திட்டோம். ஸ்பானிஷுக்கு ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருக்கோம்." பாப்பாவுக்கு வயசு 4.

இது "தமிழ் வாழ்க" கட்டுரை இல்லை. பாப்பாவுக்கு ஸ்பானிஷ் வரணும்னா கூட தமிழை நிறுத்தக்கூடாதுங்கிறதுதான் என் கருத்து.

முதல்ல, குழப்பம். பல மொழி கேட்டு வளர்ற குழந்தை ஒரே வாக்கியத்துல ரெண்டு மொழியைக் கலக்கும். அந்த நேரத்துக்கு எந்த வார்த்தை கையில கிடைக்குதோ அதைப் போடுது, அவ்வளவுதான். "மச்சி, ரெக்கார்டு சப்மிட் பண்ணிட்டியா?"ன்னு நாம தினமும் கேக்குறோம். நம்மள யாராவது குழம்பிட்டோம்னு சொல்றாங்களா?

அடுத்தது, ஸ்பானிஷைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க. "மே குஸ்தா எல் மாங்கோ"ன்னா "எனக்கு மாம்பழம் பிடிக்கும்". இங்கிலீஷ் மாதிரி "நான்"னு ஆரம்பிக்காது, நம்மள மாதிரி "எனக்கு"ன்னுதான் வரும். "ஆப்லோ"ன்னு ஒரே வார்த்தை சொன்னா போதும், "பேசுறேன்"னு அர்த்தம். பேசுறது யாருன்னு வினையோட வால்லயே தெரிஞ்சிடும். நெருங்கினவங்களுக்கு "தூ", மரியாதைக்கு "உஸ்தெத்": அப்படியே நம்ம நீ, நீங்க. "ஞ" ஒலிக்குத் தனி எழுத்தே இருக்கு. இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்ச குழந்தைக்கு இதெல்லாம் புதுசு. தமிழ் பேசுற குழந்தைக்குப் பாதி பழக்கமானது. அந்த உதவியைத்தான் அக்கா நிறுத்தி வெச்சிருக்கா.

மூணாவது, ஆப். சியாட்டில்ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல பேட்ரிஷியா குல் குழு 2003-ல ஒரு ஆய்வை வெளியிட்டது. 9 மாச அமெரிக்கக் குழந்தைகளோட ஆட்கள் நேர்ல உட்கார்ந்து, 12 தடவை, சீன மொழியில கதை சொல்லி விளையாடினாங்க. அந்தக் குழந்தைங்க சீன ஒலிகளைப் பிரிச்சுக் கேக்கக் கத்துக்கிச்சு. அதே ஆட்களை வீடியோவுல மட்டும் பார்த்த குழந்தைங்க கத்துக்கலை. கைக்குழந்தைகள் ஒலியைப் பிரிச்சறியறது பத்தின ஆய்வுதான் இது. ஆனா பெரியவங்க கதையும் பெருசா மாறலை. நம்மில் பல பேர் ப்ளஸ் டூவுல மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்தோம். இப்போ பிரெஞ்சுல தண்ணி கேக்கச் சொன்னா? பேச ஆள் இல்லாத மொழி பரீட்சையோட போயிடும்.

அதனால ஸ்பானிஷுக்கும் ஒரு ஆளைத்தான் தேடணும். ஸ்பானிஷ் பேசுற பக்கத்து வீட்டுக் குழந்தையோட சாயங்காலம் விளையாட விடலாம். பக்கத்துல இருமொழிப் பள்ளி இருந்தா சேர்க்கலாம். மயாமியில கோரல் வே பள்ளி 1963-லயே, கியூபாவுல இருந்து வந்த பிள்ளைகளுக்கும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் பாதிப் பாடம் இங்கிலீஷ்லயும் பாதி ஸ்பானிஷ்லயும் நடத்த ஆரம்பிச்சது. ஆப் வேணும்னா கூட இருக்கட்டும், பேசின வார்த்தையைத் திரும்பப் பார்க்க.

தமிழுக்கு அந்த ஆள் ஏற்கெனவே இருக்காங்க. எங்க பெரியம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல "சாப்டியா கண்ணு?"ன்னு கேட்டா, பாப்பா இப்போ அம்மா முகத்தைப் பார்க்குது. இன்னும் ரெண்டு வருஷம் இப்படியே போனா அந்த காலே நின்னு போகும்.

நாளைக்கு நம்மள்லயும் சில பேர் எம்.எஸ்.னு கிளம்பி, அங்கேயே குடும்பம் ஆவோம். அப்போ இதே கணக்கைப் போடுவோம். மூணாவது மொழிக்கு இடம் வேணும்னா டேப்லெட் நேரத்துல எடுங்க. பாட்டி பேசுற நேரத்துல கை வைக்காதீங்க.