மரம் முளைத்த ரயில் பாதை

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தைச் சேர்ந்தது குவீன்ஸ் பகுதி. இருபது லட்சத்துக்கும் அதிகமான ஜனங்கள் அங்கே வசிக்கிறார்கள். அதன் நடுவே, ரீகோ பார்க்கிலிருந்து ஓசோன் பார்க் வரை, மூன்றரை மைல் நீளத்துக்கு ஒரு ரயில் பாதை சும்மா கிடக்கிறது. சில இடங்களில் உயர்ந்த மண்மேடு; சில இடங்களில் கான்கிரீட் பாலம். பாலத்தின் கீழே தெருவும் கடையும் கிடங்கும். மேலே போனால் காடு! தண்டவாளங்களுக்கு இடையே மரங்கள் முளைத்து ஓங்கி வளர்ந்துவிட்டன. கடைசி ரயில் அந்த வழியே போனது 1962 ஜூன் மாதத்தில்.

இந்தப் பாதையை என்ன செய்வது? மறுபடி ரயில் விட வேண்டும் என்கிறது ஒரு கட்சி. பூங்காவாக்கி, ஜனங்கள் நடக்கவும் சைக்கிள் விடவும் வழி செய்ய வேண்டும் என்கிறது இன்னொரு கட்சி. பல வருஷமாக வழக்கு நடக்கிறது.

பாதை போட்டது 1880-ல். ராக்கவே கடற்கரைக்குப் போகிறவர்களுக்காக ஏற்பட்ட ரயில் அது. 1950-ல் ஜமைக்கா விரிகுடாவின் மரப்பாலம் தீப்பற்றி எரிந்தது. ரயில் கம்பெனியோ அப்போது திவால் நிலையில் இருந்தது. பாலத்தைத் திரும்பக் கட்டக் கையில் காசு இல்லை. நகர சர்க்கார் பாதையை வாங்கி, தெற்குப் பாதியைச் சுரங்க ரயிலோடு இணைத்து, 1956-ல் வண்டி விட்டது. வடக்குப் பாதிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. தெற்கு பிழைத்தது, வடக்கு படுத்துவிட்டது.

இதனால் வந்த கஷ்டம் கொஞ்சமல்ல. ஓசோன் பார்க்கில் இருப்பவர் ரீகோ பார்க்குக்குப் போக வேண்டும். நேர் வடக்கே மூன்றரை மைல்தான். ஆனால் சுரங்க ரயிலில் போவதென்றால் மேற்கே புரூக்ளின் வரை போய், வண்டி மாறி, மறுபடி குவீன்ஸுக்குத் திரும்பி வர வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் கதை! இல்லையென்றால் உட்ஹேவன் பெருஞ்சாலையில் பஸ் பிடிக்க வேண்டும். 2017-ல் பஸ்களுக்கென்று தனி வழியும் விரைவு பஸ்ஸும் வந்தன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பஸ் பஸ்தானே? சிக்னலுக்குச் சிக்னல் நிற்கத்தான் வேண்டும். ராக்கவே கரையில் இருப்பவர்கள் வேலைக்குப் போய் வருவதிலேயே நாளின் பெரும் பங்கைத் தொலைக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரீகோ பார்க்கில் 63-வது டிரைவ் சுரங்க ஸ்டேஷனை 1936-ல் திறந்தார்கள். அப்போதே, ராக்கவே பாதை ஒரு நாள் வந்து சேரும் என்று எண்ணி, பக்கத்தில் கிளைச் சுரங்கத்துக்கு வாய் திறந்து வைத்துவிட்டார்கள். அந்த வாய் இன்னும் திறந்தபடியே இருக்கிறது. வண்டிதான் வரவில்லை.

பூங்காக் கட்சியின் பேச்சைத் தள்ளிவிட முடியாது. மன்ஹாட்டனில் கைவிடப்பட்ட சரக்கு ரயில் பாலம் ஒன்று 2009-ல் 'ஹை லைன்' என்ற பூங்காவாகி உலகப் புகழ் பெற்றது. குவீன்ஸிலும் அப்படிச் செய்யலாமே என்று கேட்கிறார்கள். பாதையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இரைச்சலைப் பற்றிய பயம். கொல்லைப்புறத்தில் விடிய விடிய ரயில் ஓடினால் யாருக்குத்தான் பயம் இராது? 2022-ல் அப்போதைய மேயர் எரிக் ஆடம்ஸ், பூங்காவின் முதல் கட்டத்துக்கு மூன்றரைக் கோடி டாலர் ஒதுக்கினார். ரயில் என்றால் செலவே வேறு. சுரங்க ரயிலோடு இணைக்க 810 கோடி டாலர் ஆகும் என்றது போக்குவரத்து நிர்வாகத்தின் 2019 அறிக்கை. அவ்வளவு ஆகாது, பாதிக்கும் குறைவாகவே முடியும் என்கிறார்கள் ரயில் கேட்பவர்கள். யார் கணக்கு சரியானாலும் பணம் பெரிய பணம். ஆனால் அதே அறிக்கை, தினம் 47,000 பேர் ஏறுவார்கள் என்றும் சொல்கிறது. அதை ஏன் யாரும் உரக்கச் சொல்வதில்லை?

லண்டனில் நடந்ததைப் பார்க்கலாம். 1865-ல் கட்டிய கிங்ஸ்லாண்ட் செங்கல் பாலத்தில் 1986-ல் ரயில் நின்றது. பாலத்தை இடிக்காமல் வைத்திருந்தார்கள். 2010-ல் அதன் மேல் புது ரயில் வந்தது. சுரங்க ரயில் எட்டாத ஹாக்னி பகுதி ஜனங்களுக்கு நல்ல வழி பிறந்தது. அதே லண்டனில் துறைமுகப் பக்கம் 1840-ல் கட்டிய பாலம் ஒன்றில் 1926-லேயே பிரயாணிகள் வண்டி நின்றுபோயிற்று. 1987-ல் அதன் மேல் டிரைவர் இல்லாத சிறு ரயிலை விட்டார்கள். முதலில் ஒற்றைப் பெட்டி வண்டிகள் பதினொன்றுதான். கூட்டம் சேரச் சேர வண்டியையும் பிளாட்பாரத்தையும் நீட்டினார்கள். பணம் இல்லாத காலத்தில் அவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம், பாலத்தைக் கைவிடாமல் இருந்ததுதான்.

பூங்கா போட இடமா இல்லை? இந்தப் பாதையே பாரஸ்ட் பார்க் என்ற 500 ஏக்கருக்கும் மேற்பட்ட பூங்காவுக்குள்தான் போகிறது. வீடுகள் நெருங்கிய நகரத்தின் நடுவே, குறுக்கே தெரு வராத மூன்றரை மைல் வழி மட்டும் இனி கிடைக்காது. இன்று வாங்குவதென்றால் எத்தனை வீடுகளை இடிக்க வேண்டும்!

முக்கியமான சட்டச் சிக்கல் ஒன்று இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் ஓரிடத்தைப் பூங்கா நிலம் என்று ஒப்படைத்துவிட்டால், மாநிலச் சட்டசபை சம்மதிக்காமல் அதை வேறு காரியத்துக்கு எடுக்க முடியாது. முதலில் பூங்கா, பிறகு ரயிலைப் பார்த்துக் கொள்ளலாம் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் விளையாடும் இடத்தைத் தண்டவாளத்துக்குக் கொடு என்று எந்தச் சட்டசபை உறுப்பினர் ஓட்டளிப்பார்?

அகலமான இடங்களில் ரயிலும் இருக்கலாம். பக்கத்தில் நடைபாதையும் இருக்கலாம். நகர சர்க்கார் செய்ய வேண்டியது ஒன்றுதான். இரண்டு தண்டவாளத்துக்கு வேண்டிய அகலம், வடகோடியிலிருந்து தென்கோடி வரை, ரயிலுக்கென்றே ஒதுக்கப்பட்டது என்று ஆவணத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ரயில் பத்து வருஷம் கழித்து வரட்டும், இருபது வருஷம் கழித்தே வரட்டும். கையெழுத்து மட்டும் பூங்கா வேலை மேலே நகருவதற்கு முன்னால் ஆக வேண்டும்.