வாழை வாடலும் மண்ணின் மரபுச் சோதனையும்

கம்பம் பள்ளத்தாக்கின் நஞ்சைகளுக்கு 1895-ம் வருஷம் முதல் பெரியாற்று ஜலம் பாய்ந்து வருகிறது. அந்நீரோடு பிற்காலத்தில் ஆழ்குழாய்க் கிணறுகளும் சொட்டுநீர்ப் பாசனமும் சேர்ந்துகொண்டமையால், நெல்லோடு திராட்சையும் தென்னையும் வாழையும் இங்குச் செழித்து வளர்கின்றன. இவற்றுள் ஜி-9 என வழங்கும் கிராண்ட் நைன் வாழைக்குக் குடியானவர் இடும் முதல் சொற்பமன்று. அம்முதலை அடியோடு அழிக்கவல்ல சத்துரு மண்ணுக்குள் மறைந்திருக்கக் கூடியது. அதை இலையின் நிறத்தைக் கொண்டு மட்டும் நிர்ணயிக்கும் வழக்கம் இனிப் போதாது. மரபணுச் சோதனை ஒவ்வொரு வாழைக் கிராமத்துக்கும் எட்டும்படி ஏற்பாடு செய்வது அவசியம்.

வாழை வாடலுக்குக் காரணம் ஃபியூசேரியம் என்னும் பூஞ்சணம். இது வேர் வழியே புகுந்து, கிழங்கிலும் தண்டிலும் நீர் ஏறும் குழல்களை அடைத்துவிடுகிறது. முதலில் அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகின்றன. பின்பு காம்பு ஒடிந்து தண்டைச் சுற்றித் தொங்குகின்றன. தண்டின் அடி வெடிக்கிறது. கிழங்கைக் குறுக்கே அறுத்தால் செம்பழுப்பு நிறக் கோடுகள் தெரிகின்றன. மரம் மடிந்த பின்னும் இதன் வித்துக்கள் பல வருஷங்கள் மண்ணில் உயிரோடு கிடக்கும்.

இப்பூஞ்சணத்தில் பல இனங்கள் உண்டு. முதல் இனம் ரஸ்தாளியை வாட்டுவது. சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் மத்திய அமெரிக்காவின் குரோ மிஷேல் தோட்டங்களைப் பாழாக்கியதும் அதுவே. அவ்விடங்களில் பின்னர் கேவண்டிஷ் வகுப்பு வாழைகள் நடப்பட்டன. ஜி-9 அவ்வகுப்பைச் சேர்ந்தது. ஆனால் 1967-ல் தைவானில் கேவண்டிஷிலும் வாடல் தோன்றிற்று. டி.ஆர்.4 என வழங்கும் கொடிய இனம் பின்னர் பல தேசங்களுக்குப் பரவி, பீகாரின் கட்டிஹார் பகுதியில் கண்டறியப்பட்ட செய்தி 2019-ல் வெளியாயிற்று.

இங்குத்தான் சங்கடம் எழுகிறது. முதல் இனத்தின் வீரியமிக்க வகையொன்று இந்தியாவில் கேவண்டிஷையும் தாக்கியது 2010-ல் அறிவிக்கப்பட்டது. ஆகவே ஜி-9 தோட்டத்தில் ஒரு மரம் வாடினால், அது பழைய இனமா, டி.ஆர்.4-ஆ என்பதை எத்தனை அனுபவமுள்ள கண்ணும் சொல்ல இயலாது. இரண்டின் அறிகுறியும் ஒன்றே. எந்த ரகத்தை மாற்றி நடலாம், எந்த வயலை முற்றும் ஒதுக்கவேண்டும் என்ற தீர்மானங்களோ இனத்தைப் பொறுத்தவை.

மண்ணிலுள்ள நுண்ணுயிர்களிற் பெரும்பாலானவை ஆய்வுக்கூடத்துத் தட்டில் வளர்வதில்லை. ஆதலின் அறிஞர்கள் மண்ணிலிருந்தே டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து ஆராயத் தொடங்கினர். அமெரிக்காவின் கொலராடோ மலையில் பனியால் மூடப்பட்ட மண்ணை இவ்வாறு சோதித்தவர்கள், அதுவரை எவரும் அறியாத பூஞ்சணக் குலங்கள் அங்கு ஜீவிப்பதை 2003-ல் வெளியிட்டனர். பனிமலை மண்ணுக்கு உதவிய இக்கலையே மேற்குமலை அடிவாரத்து வாழைக்கும் உதவுகிறது. குவியலில் கலந்த ஒரு விதையை ஒன்றை இரண்டாய், இரண்டை நான்காய்ப் பெருக்கினால் அது இன்ன ரகமென்று புலப்படுவது போல, பி.சி.ஆர். என்னும் முறை ஓர் இனத்துக்கே உரிய டி.என்.ஏ. பகுதியைக் கோடிக்கணக்காகப் பெருக்கிக் காட்டுகிறது.

இச்சோதனைக்கும் எல்லையுண்டு. ஒரு பிடி மண்ணில் கிருமி இல்லையென்று வந்தால் வயல் முழுவதும் சுத்தம் என்று கொள்ளலாகாது. வாடிய மரத்தின் நிறம் மாறிய நாரே மண்ணைவிட நம்பகமான மாதிரி.

"திசு வளர்ப்புக் கன்றுக்குச் சான்றிதழ் இருக்கும்போது வேறு சோதனை எதற்கு?" என்பார் உண்டு. மத்திய அரசின் திசு வளர்ப்புச் சான்றளிப்பு முறையில் முக்கியமாகச் சோதிக்கப்படுவது வைரஸ் நோய்களும் ரகத்தின் தூய்மையுமே. குப்பியில் வளர்ந்த கன்று கிருமியற்றதாயினும், பையில் இடும் மண்ணிலோ நடும் வயலிலோ பூஞ்சணம் இருந்தால் சான்றிதழ் அதைத் தடுக்காது.

"செலவு குடியானவருக்குத் தாங்காது" என்பது இரண்டாவது ஆட்சேபம். அது நியாயமே. ஒருவர் வயலின் மண் டிராக்டர் சக்கரத்திலும், மண்வெட்டியிலும், வாய்க்கால் நீரிலும், இனாமாகக் கொடுக்கும் பக்கக்கன்றிலும் அடுத்தவர் வயலுக்குச் செல்கிறது. நோய் ஒருவருடையது, நஷ்டம் ஊருடையது. ஆகையால் சோதனைச் செலவைத் தனி நபர் மீது சுமத்தாமல் சர்க்கார் ஏற்பதே முறை. திருச்சியில் 1993 முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. எனினும் மாதிரி எடுத்து விரைவில் முடிவு பெறும் வசதி பள்ளத்தாக்கிலேயே இருத்தல் வேண்டும்.

அதுவரையில் செய்யத்தக்கவை சில. வாடிய மரத்தைக் கண்டால் வெட்டி வாய்க்காலில் எறியாமல், அவ்விடத்தில் ஆள் நடமாட்டத்தையும் பாய்ச்சலையும் நிறுத்தித் தோட்டக்கலை அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். மாதிரியை அவரே எடுப்பது உத்தமம். நாரை உறிஞ்சு காகிதத்தில் உலர்த்தி அனுப்புவதே முறை, ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் அடைத்தால் அழுகிவிடும். வாடகை இயந்திரங்களை மண் போகக் கழுவிய பின்பே வயலில் இறக்க வேண்டும். நோய் கண்ட மாகாணங்களிலிருந்து கிழங்கோ கன்றோ தருவிக்கலாகாது.

நோயை மறைப்பவர் அவமானத்துக்கு அஞ்சியே மறைக்கிறார். தகவல் கொடுத்தவரைக் குற்றவாளியைப்போல் நடத்தாமல், ஊரைக் காத்தவராக மதிப்பது கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர் ஆகியோரின் கடமை. முதல் மரத்திலேயே இனம் தெரிந்துவிட்டால் சில குழிகளின் நஷ்டத்தோடு போகும். தாமதித்தால் மண்ணே வாழைக்கு உதவாமற்போகும். மிராசுதார்களும் அதிகாரிகளும் இதனைக் கிராம சபையில் எடுத்துப் பேசி ஆவன செய்வார்களாக.