நடுங்கிய கையெழுத்து சம்மதமாகாது

பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணிடம் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவாள். இந்த வலி எப்போது தீரும் என்பதைத் தவிர வேறு நினைப்பு அப்போது இருக்காது. பிரசவ வார்டில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் ஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ரோமா பெண் ஒருவரின் வழக்கு என்னைத் தூங்கவிடவில்லை. ரோமா மக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து சென்று ஐரோப்பா முழுக்கச் சிதறியவர்கள்.

2000 ஆகஸ்டில் பிரெஷோவ் நகர மருத்துவமனையில் அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது பிரசவம். வயது இருபது. இன்னொரு பிள்ளை உண்டானால் நீயோ குழந்தையோ பிழைக்க முடியாது என்று பயமுறுத்தியிருக்கிறார்கள். ‘நோயாளி கருத்தடை கோருகிறார்’ என்று கேஸ் ஷீட்டில் தட்டச்சு செய்த வரிக்குக் கீழே அவர் கையெழுத்து இருக்கிறது. எழுத்து நடுங்கியிருக்கிறது, குடும்பப் பெயரையே இரண்டாக உடைத்து எழுதியிருக்கிறார். அவர் ரோமா இனத்தவர் என்ற குறிப்பும் அதே ஆவணங்களில் உண்டு. சிசேரியன் செய்தபோதே கருக்குழாயையும் கட்டிவிட்டார்கள். அது உயிர்காக்கும் அவசர சிகிச்சை அல்ல. சிசேரியன் காயம் ஆறி, வீட்டுக்குப் போய், நிதானமாக யோசித்து அவரே முடிவெடுத்திருக்கலாம். அந்தக் கையெழுத்து சம்மதமே அல்ல என்று 2011இல் தீர்ப்பளித்த ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், 31,000 யூரோ இழப்பீடு தரச் சொன்னது.

அந்தக் கேஸ் ஷீட் இருந்ததால் அவருக்கு நியாயம் கிடைத்தது. பக்கத்திலுள்ள செக் குடியரசில் பல பெண்களுக்கு அதுவும் இல்லை. செக்கோஸ்லோவாக்கியா ஒரே நாடாக இருந்த கம்யூனிஸ்ட் காலத்தில், சமூகநல ஊழியர்களே பணத்தைக் காட்டி ரோமா பெண்களைக் கருத்தடைக்கு அழைத்துப் போனார்கள். ஆட்சி மாறிய பிறகும் இந்தக் கொடுமை தொடர்ந்தது. செக் நகரமான ஒஸ்ட்ராவாவின் எலெனா கொரொலோவா 1990இல் இப்படிப் பாதிக்கப்பட்டவர். மற்ற பெண்களையும் திரட்டி விடாமல் போராடினார். 2009இல் செக் அரசு வருத்தம் தெரிவித்தது. 2021இல்தான் சட்டம் வந்தது: 1966 முதல் 2012 வரை சட்டவிரோதமாகக் கருத்தடை செய்யப்பட்டவர்களுக்குத் தலா 3 லட்சம் செக் கொருனா இழப்பீடு.

நல்ல சட்டம், மனதார வரவேற்கிறேன். ஆனால் விண்ணப்பித்த பெண்களிடம் சுகாதார அமைச்சகம் மருத்துவ ஆவணம் கேட்டது. மருத்துவமனைகளோ பழைய ஆவணங்களை எப்போதோ அழித்துவிட்டன. பலரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார்கள்.

கேஸ் ஷீட்டை எந்த நோயாளியும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. நாங்கள்தான் எழுதுவோம், டிஸ்சார்ஜ் ஆனதும் ரெக்கார்டு ரூமுக்கு அனுப்புவோம். எழுதியதும் வைத்திருந்ததும் அழித்ததும் மருத்துவமனை; இல்லாமல் போனதற்குத் தண்டனை மட்டும் அந்தப் பெண்ணுக்கா? அடிவயிற்றுத் தழும்பும், பிரசவத்தின்போது கூட இருந்த உறவினரின் வார்த்தையும் சாட்சியாகாதா?

ஆவணம் இல்லாத இடத்தில் பெண்ணின் வாக்குமூலத்தை ஏற்க வேண்டும். அவர் சம்மதித்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு மருத்துவமனையைச் சேர வேண்டும். இந்தப் பெண்களில் பலர் முதுமையில் இருக்கிறார்கள். காகிதம் இல்லை என்று தள்ளிய விண்ணப்பங்களை அமைச்சகம் உடனே மறுபடி எடுத்துப் பார்க்கட்டும்.